ஐந்து அடி குறைவு: யாழ்ப்பாணத்தில் சில்லுச் சப்பாத்துகளோடு ஆறு நாள்

ஜூன் 12, வியாழன் – நல்லூர்

எட்டுச் சோடி சில்லுச் சப்பாத்தும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பூட்டவேண்டிய மெதுச் சில்லுகள்தான் வரவில்லை. மூன்று பேருக்கு ஆறு பை. ஆறாவது பை எந்த நாட்டில் நிற்கிறது என்று விமான நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. "திங்களுக்குள்ள வந்திடும்" என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள்.

ரோலர் டெர்பி என்பது சில்லுச் சப்பாத்தோடு நீள்வட்டத்தில் ஓடி, எதிரணிக்காரரைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் விளையாட்டு. அதில் சில்லு சின்ன விஷயம் இல்லை. அதன் கடினத்தை ஏ அளவில் சொல்வார்கள். 78ஏ என்றால் மெது, வெளித்தரைக்கு ஏற்றது. 95ஏ நகத்தால் குத்தினாலும் தடம் விழாது, மழமழத்த உள்ளரங்குத் தரைக்கு. கையில் இருப்பதெல்லாம் 95ஏ. ஓட வேண்டியதோ பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில். நல்லூர்ப் பக்கம் வலைப்பந்து பழக்கும் ஒரு மிஸ், தன்னுடைய பிள்ளைகளுக்கு நாலு நாள் இதைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டதால்தான் இந்தப் பயணம்.

புகையிரத நிலையத்திலிருந்து ஓட்டோ 500 ரூபா. ஓட்டிவந்த ஐயா பையைத் தூக்கும்போது உள்ளே சில்லு உருண்ட சத்தம் கேட்டு, "இதென்ன தங்கச்சி, சூட்கேசுக்குப் பூட்டுறதோ?" என்றார். சப்பாத்துக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இறக்கிவிடும்போது, "வீதியில மட்டும் ஓடிடாதேங்கோ" என்றார். பைகளை வாசல்வரை கொண்டுவந்து வைத்ததற்கு மேலதிகமாக நீட்டிய 100 ரூபாவை வாங்கவில்லை.

சோளகக் காற்று நாள் முழுக்க. வெயில் சுடுகிறது என்பதே காற்று நின்றால்தான் தெரிகிறது. கறுத்தக்கொழும்பான் சீசன். சந்தையில் கிலோ 500 சொன்னார்கள், பேரம் பேசாமல் வாங்கியதைப் பார்த்துக் கடைக்கார அம்மா தானாகவே ஒரு பழம் கூடப் போட்டார்.

ஜூன் 13, வெள்ளி – அளவுநாடாவும் கயிறும்

காலை இடியப்பம், சொதி, சம்பல். ஒரு இடியப்பம் 20 ரூபா. பத்துக்குக் குறைவாகச் சாப்பிட்டால் பரிமாறுகிறவருக்கு மனவருத்தம்.

வலைப்பந்துத் தரை 100 அடி நீளம், 50 அடி அகலம். உலகம் முழுக்க அதே அளவு. ரோலர் டெர்பி ஓடுதளத்துக்கு 88 அடி நீளமும் 55 அடி அகலமும் வேண்டும். அதைச் சுற்றிப் பாதுகாப்புக்குப் பத்தடி வெற்றிடமும் வேண்டும். நீளத்தில் மிச்சம், அகலத்தில் ஐந்து அடி குறைவு. கூடைப்பந்துத் தரையும் உதவாது, அது இன்னும் ஓரடி ஒடுக்கம். மிஸ் நாடாவைத் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சடிக்காகத் திரும்பிப் போகப் போறியளோ?" என்று கேட்டார்.

போகவில்லை. முறையான தளத்தைக் கீறும் விதம் இது. தரையின் நடுவில் 35 அடி இடைவெளியில் இரண்டு ஆணிப் புள்ளி. ஒவ்வொன்றிலிருந்தும் 12.5 அடி ஆரத்தில் அரைவட்டம் கீறி இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் உள்கோடு முடிந்தது, சுற்றளவு 148.5 அடி. வெளிக்கோட்டுக்கு ஆரம் 26.5 அடி. அதற்கு மையப் புள்ளி ஒன்றை ஓரடி மேலேயும் மற்றதை ஓரடி கீழேயும் தள்ள வேண்டும். அந்த ஓரடித் தள்ளலால்தான் பாதை ஓரிடத்தில் 13 அடியும் இன்னோரிடத்தில் 15 அடியுமாக அகன்று ஒடுங்கும். 

இங்கே அதை விட்டுக்கொடுத்தோம். மையங்களைத் தள்ளாமல் வெளி ஆரத்தை 25 அடியாக வைத்தால் பாதை எங்கும் 12.5 அடி, மொத்த அகலம் சரியாக 50. ஓடுதளத்தின் ஓரமும் சீமெந்தின் ஓரமும் ஒன்றாகிவிடும். அதற்கு அப்பால் செம்மண், மண்ணில் சில்லு போனால் அந்த இடத்திலேயே நிற்கும், ஆள் மட்டும் தொடர்ந்து போவாள். ஆகவே ஒரு விதி போட்டோம்: நீளப் பக்கங்களில் இடிக்கக் கூடாது, இரண்டு முனைகளிலும் ஏழரை அடி சீமெந்து மிஞ்சுகிறது, அங்கே இடிக்கலாம்.

கோட்டுக்கு வெறும் டேப் போதாது. முதலில் கயிறு, அதற்கு மேல் டேப். கோடு மேடாக இருந்தால்தான் எல்லையைத் தாண்டுவது காலுக்குத் தெரியும். ஓடுகிறவள் குனிந்து பார்க்க முடியாது, நடுவரும் அப்படித்தான். தும்புக் கயிறு தடிப்பு, தடக்கிவிடும். 6 மி.மீ. நைலோன் கயிறு 400 அடி வாங்கினோம். ஆரம் கீற அதே கயிற்றைப் பிடித்தது எங்கள் பிழை. நைலோன் இழுபடும், முதல் வளைவு நாலு அங்குலம் வெளியே போயிருந்தது. அழித்துவிட்டு உலோக அளவுநாடாவால் திரும்பக் கீறினோம். டேப் தூசியில் ஒட்டாது. தும்புத்தடியால் கூட்டி, கழுவி, காயவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு ஒட்டினால்தான் நிற்கும். மத்தியானச் சூட்டில் ஒட்டியது பசை இளகி ஒரு மணித்தியாலத்தில் காற்றோடு எழும்பிவிட்டது.

டேப் ஒட்டிக்கொண்டே மிஸ் கேட்டார்: "இதை ஆர் கண்டுபிடிச்சது, ஏன் கயிறு?" கயிற்றில்தான் இந்தக் கதை முழுக்க இருக்கிறது. பழைய ரோலர் டெர்பி சாய்தளத்தில் ஓடியது. மரச்சட்டமும் பலகையும் வைத்து வளைவில் உயர்த்திக் கட்டும் தளம். அதைச் செய்யப் பணம் வேண்டும், ஏற்றி இறக்க லொறி வேண்டும், வைக்கக் களஞ்சியம் வேண்டும். 2001இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் சில பெண்கள் அந்த விளையாட்டைத் திரும்ப எடுக்க நினைத்தபோது அவர்களிடம் இவை ஒன்றும் இருக்கவில்லை. ஸ்கேட்டிங் மண்டபத்தின் தட்டைத் தரையில் கோடு போட்டு ஓடினார்கள். 2003இல் நிர்வாகத்தில் பிணக்கு. பெரும்பாலோர் பிரிந்து டெக்சஸ் ரோலர்கேர்ள்ஸ் என்ற கழகத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். மற்றப் பகுதி பிறகு சாய்தளத்துக்குப் போனது. தட்டைத் தரைக்காரர் எழுதிய விதிகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், தேவை கயிறும் டேப்பும்தான். நாடு நாடாகப் பரவியது இந்தத் தட்டைத் தரை டெர்பி.

ஜூன் 14, சனி – மூன்றடி தள்ளி நில்

காலை ஆறரைக்கே பதினான்கு பிள்ளைகள். இரட்டைப் பின்னல், மணிக்கட்டில் கோயில் நூல், காதில் தோடு. ஹெல்மெட்டுக்குள் கிளிப் இருந்தால் விழும்போது தலையில் குத்தும், கழற்ற வேண்டும். பின்னலைக் கழுத்தோடு தாழ்வாகக் கட்டலாம். தோட்டைக் கழற்ற ஒரு தாய் சம்மதிக்கவில்லை. மருந்துக்கடைப் பிளாஸ்ரர் 120 ரூபா, அதைத் தோட்டின் மேல் ஒட்டினோம். நூலை மணிக்கட்டுக் காப்புக்குள் தள்ளிவிட்டால் போதும்.

போடும் ஒழுங்கு முக்கியம். முழங்கால் காப்பு, முழங்கை, மணிக்கட்டு, பல்காப்பு, ஹெல்மெட், கடைசியாகச் சப்பாத்து. கழற்றும்போது முதலில் சப்பாத்து, ஹெல்மெட் அதற்குப் பிறகுதான். பயிற்சி முடிந்ததென்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சில்லில் நின்றபடி தண்ணீர் குடிக்கிறபோதுதான் பின்னால் விழுந்து மண்டை உடையும்.

முதல் பாடம் விழுவது. ஒரு முழங்காலில் விழு, இரண்டிலும் விழு, விழுந்ததும் கையை மார்போடு சேர்த்து விரலை மூடு. விரித்த விரலின் மேல் அடுத்தவளின் சில்லு ஏறும். மூன்று எண்ணுவதற்குள் எழும்பு. ஓடுவது அதற்குப் பிறகு: முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, பார்வை முன்னால். கதிரையில் இருக்கிற மாதிரி என்று சொன்னபோது ஒருவருக்கும் வரவில்லை. "அம்மி அரைக்கக் குந்தப் போற மாதிரி, ஆனா குந்தாதேங்கோ" என்று மிஸ் சொன்னார். உடனே வந்தது.

95ஏ சில்லு சீமெந்தில் நடுங்கி, ஐந்து நிமிடத்தில் உள்ளங்கால் விறைத்தது. சில்லு அச்சைத் தாங்கும் றப்பர்த் துண்டுகளை இறுக்கும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினோம், நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. பத்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் ஓய்வு என்று மாற்றினோம்.

எதிர்பாராத எதிரி வேப்பம்பழம். தரையின் ஒரு மூலைக்கு மேல் வேம்பு சாய்ந்து நிற்கிறது, சோளகம் அடிக்க அடிக்கப் பழம் கொட்டுகிறது. காய் என்றால் கடினச் சில்லைக் கல் மாதிரித் தடுத்து நிறுத்தும். பழம் நசுங்கினால் சில்லுக்கும் சீமெந்துக்கும் நடுவில் சவர்க்காரம் பூசிய மாதிரி. அதே மூலையில் நாலு பேர் விழுந்தார்கள். சின்னப் பிள்ளை ஒருத்தி கேட்காமலே தும்புத்தடியோடு அங்கே நிலைகொண்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கூட்டினாள்.

ஓடும் திசை இடப்பக்கம். கோயிலை வலம் வந்து பழகிய கால்களுக்கு இது ஒவ்வாது என்று ஒருத்தி சொன்னாள். "மிஸ், இது அப்பிரதட்சணம்." சொல்லிவிட்டு எல்லோரிலும் வேகமாக ஓடியதும் அவள்தான்.

பெரிய தடை இடிப்பதில் வந்தது. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளித்தான் தடுக்க வேண்டும். தொட்டால் குற்றம். இந்தப் பிள்ளைகளுக்கு அது எலும்பில் ஊறியிருக்கிறது. இடி என்றால் கிட்டப் போய் மூன்றடியில் நின்று கையைத் தூக்குகிறார்கள். இடித்துவிட்டால் "சொறி அக்கா" என்று நின்று மன்னிப்புக் கேட்கிறார்கள். அதற்குள் ஜாமர், அதாவது புள்ளி எடுக்க ஓடுகிறவள், தாண்டிப் போய்விடுகிறாள். டெர்பியில் கையால் தள்ளுவது, முழங்கையால் குத்துவது, முதுகில் இடிப்பது, தலையிலும் நடுத்தொடைக்குக் கீழும் படுவது எல்லாம் குற்றம். தோள், மேற்கை, விலா, இடுப்பு, மேல்தொடை – இவற்றால் பக்கவாட்டில் இடிக்கலாம். தமிழில் "இடி" என்றால் ஓங்கிக் குத்துகிறார்கள். "நெருக்கு" என்று சொன்ன பிறகு இடுப்பு வேலை செய்யத் தொடங்கியது. விழாக்காலத்துத் தேர்வீதியில் நெரிந்து பழகியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மிஸ்ஸின் பேச்சில் அடிக்கடி வருபவர் ஈவினையிலிருந்து போய் 2009இலும் 2018இலும் இலங்கை அணி ஆசியக் கிண்ணம் எடுத்தபோது கோல் போட்டு நின்ற தர்ஜினி சிவலிங்கம். ஆறரை அடிக்கு மேல் உயரம். வலைப்பந்தில் உயரம் வரம். டெர்பியில் இடுப்பு யாருக்குத் தாழ்வோ அவளை விழுத்துவது கஷ்டம். அணியில் இடம் கிடைக்காமல் மாற்றாளாக வாங்கில் இருந்த கட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் இதைக் கேட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

இரவு ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய். பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள். உறைப்பில் மூக்கு ஓடியது, விறைத்த உள்ளங்கால் அப்போதுதான் இளகியது.

ஜூன் 15, ஞாயிறு – தையல் மெசின் எண்ணெய்

பயிற்சி இல்லை. சில்லுகள் சுழல மறுத்தன. ஒரு சில்லுக்கு இரண்டு பெயாரிங், ஒரு சோடிக்கு எட்டுச் சில்லு, ஆக எட்டுச் சோடிக்கும் 128 பெயாரிங். செம்மண் பொடி எல்லாவற்றுக்குள்ளும் போயிருந்தது. கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் ஒரு கிழமையில் துரு.

13 மி.மீ. ஸ்பனரால் நட்டைக் கழற்றிப் பெயாரிங்கை எடுத்து, மூடித் தகட்டை ஊசியால் நெம்பி, தின்னரில் பத்து நிமிடம் குலுக்கி, துணியில் விரித்துக் காயவிட்டு, ஒரேயொரு துளி தையல் மெசின் எண்ணெய். இரண்டு துளி விட்டால் அந்த எண்ணெயே அடுத்த தூசியைக் கூப்பிட்டு இருத்தும். பூட்டும்போது நட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். சில்லைப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அசைய வேண்டும், அசையாவிட்டால் சுழலாது.

ஒன்பது பெயாரிங் தேறவில்லை. நகரத்தில் மோட்டர் சுற்றும் கடையொன்றில் 608 என்ற இலக்கத்தைச் சொன்னதும், கடைக்கார ஐயா திரும்பிப் பார்க்காமலே லாச்சியைத் திறந்தார். துளை 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மி.மீ. ஒன்று 250 ரூபா. எதற்கு என்று கேட்டார். சொன்னோம். "ஆம்பிளையள் விளையாடுறேல்லையோ?" பிளேன்ரீ வந்தது, பனங்கட்டித் துண்டோடு. காசு வாங்கவில்லை.

அவருக்குச் சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும். 1935இல் சிக்காகோவில் லியோ செல்ட்சர் என்பவர் தொடக்கியபோது ஆணும் பெண்ணும் சோடியாகத்தான் ஓடினார்கள். இடிப்பு இல்லை. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தை ஒரே மண்டபத்துக்குள் நாட்கணக்கில் சுற்றித் தீர்ப்பது, அவ்வளவுதான். சனம் கைதட்டியது ஓடுகிறவர்கள் முட்டுப்பட்டு விழுந்தபோது. அதைக் கவனித்துப் பத்தாண்டு முடிவதற்குள் விழுத்துவதையே விளையாட்டாக்கினார்கள். அந்தக் காலத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. ஒரு பகுதி நேரம் பெண்கள், அடுத்தது ஆண்கள், புள்ளி ஒன்றாகச் சேரும். தொலைக்காட்சி வந்து பெரிதாக்கியது. 1973 கடைசியில் அந்தக் கம்பனி மூடப்பட்டது. பிறகு எழுந்தவற்றில் முடிவை முன்கூட்டியே எழுதிவைத்த காட்சிகளும் உண்டு. 2001க்குப் பிறகு வந்த பெண்கள் மாற்றியது இதைத்தான்: முடிவு எழுதப்படாது, முதலாளி கிடையாது.

"அப்ப சம்பளம்?" என்றார். சம்பளம் இல்லை, ஆடுகிறவள்தான் மாதச் சந்தா கட்டுகிறாள். ரோலர் டெர்பியில் லீக் என்றால் போட்டித் தொடர் இல்லை, ஒரு ஊரின் கழகம். ஒவ்வொருத்தியும் ஓடுவதோடு இன்னொரு வேலையும் எடுக்க வேண்டும்: ரிக்கற், காப்புறுதி, மண்டப வாடகை, டேப் ஒட்டுவது. ஒரு ஆட்டத்துக்கு இரு பக்கமும் பதினைந்து பேர் என்றால், நடுவர்களும் நேரம் பார்ப்போரும் குற்றம் எழுதுவோரும் இருபதுக்குக் கிட்ட வேண்டும். கழகங்கள் உடைவது அநேகமாக இங்கேதான். ஓட நூறு பேர் வருவார்கள், கணக்கெழுத மூன்று பேர். கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். "எங்கட சனசமூக நிலையமும் உதே கதைதான்."

ஜூன் 16, திங்கள் – முதல் ஜாம்

பை வந்தது. 78ஏ சில்லு 64. மத்தியானம் முழுக்க அவற்றை மாற்றுவதிலேயே போயிற்று.

பின்னேரம் மூன்றரை. அதே சீமெந்து, சத்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் 27 சுற்று என்பது பல கழகங்களில் புதியவள் தாண்டவேண்டிய படியாக இருந்தது. அப்பிரதட்சணப் பிள்ளை 17 ஓடினாள். மூன்றாம் நாளுக்கு அது மிக நல்ல கணக்கு.

நட்சத்திரம் பொறித்த ஹெல்மெட் உறை இரண்டை ஒரு தையல்கார அக்காவிடம் தைப்பித்திருந்தோம், இரண்டும் 600 ரூபா. அழகான வேலை, ஆனால் பருத்தித் துணி. இழுபடாத துணி ஹெல்மெட்டில் பிடிக்காது. முதல் இடியிலேயே உறை கண்ணை மூட, ஜாமர் குருடாக மண்ணுக்குள் போனாள். அக்கா அங்கேயே நின்று ஓரத்தில் இலாஸ்ரிக் ஓட்டித் தந்தார்.

எட்டுச் சோடிதான் என்பதால் பக்கத்துக்கு நாலு பேர். முறைப்படி ஐந்து: நட்சத்திரம் வைத்த ஜாமர் ஒருத்தி, எதிர் ஜாமரைத் தடுக்கும் பிளொக்கர் நால்வர், அதில் ஒருத்தி கோடு போட்ட உறையோடு பிவட். ஜாமர் தேவைப்பட்டால் நட்சத்திரத்தைக் கழற்றி அவளிடம் கொடுக்கலாம். ஜாம் என்பது ஆட்டத்தின் ஒரு துண்டு: கூடியது இரண்டு நிமிடம், இடையில் முப்பது செக்கன், முப்பது நிமிடப் பகுதி இரண்டு. பிளொக்கர் கூட்டத்தை முதலில் சுத்தமாகக் கடந்தவள் முன்னணி ஜாமர். அந்த முதல் கடப்புக்குப் புள்ளி இல்லை. அடுத்த சுற்றிலிருந்து தாண்டும் எதிர் பிளொக்கர் ஒவ்வொருத்திக்கும் ஒரு புள்ளி. முன்னணிக்காரி இரண்டு கையாலும் இடுப்பில் தட்டினால் ஜாம் அந்தக் கணமே முடியும்.

இந்தத் தட்டுதான் விளையாட்டின் மூளை. மூன்றாவது ஜாமில் கட்டைப் பிள்ளை ஒருத்தி முன்னணி எடுத்து, மூன்று பேரையும் தாண்டி மூன்று புள்ளி எடுத்தாள். எதிர் ஜாமர் அப்போதுதான் கூட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். இன்னொரு சுற்றுப் போயிருந்தால் அவளும் எடுத்திருப்பாள். கட்டைப் பிள்ளை அதைத் திரும்பிப் பார்த்தாள், தட்டினாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்கில் இருந்து மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்த நேரமெல்லாம் வீண் போகவில்லை போலும்.

குற்றத்துக்கு முப்பது செக்கன் கதிரை, ஏழு குற்றம் என்றால் வீடு. முன்னர் சிறு குற்றம், பெருங்குற்றம் என்று இரண்டு வகை எழுதி, நாலு சிறியது ஒரு பெரியது என்று கணக்குப் பார்த்தார்கள். எழுதுகிறவர்களுக்குத் தலை வெடித்தது. 2013இலிருந்து சிறு குற்றக் கணக்கு இல்லை. இத்தகைய திருத்தங்களைச் செய்வது மகளிர் தட்டைத் தரை டெர்பிச் சங்கம். 2005இல் சிக்காகோவில் சில கழகங்கள் கூடி உருவாக்கியது, வாக்குப் போடுவது கழகங்களே. 2006இல் அரிசோனாவின் டூசோனில் முதல் பெரும் போட்டி, வென்றது டெக்சஸ். 2011இல் டொரொன்ரோவில் முதல் உலகக் கிண்ணம், 13 நாடு. 2018இல் மான்செஸ்ரரில் 38 அணி. சங்கத்தின் கிண்ணம் முதன்முதலாக அமெரிக்காவுக்கு வெளியே போனது 2017இல், மெல்பேர்ண் கழகத்துக்கு.

களப்பெயர் வைப்பது அந்த ஒஸ்ரின் காலத்திலிருந்தே வழக்கம், சிலேடை இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பெயரை இரண்டு பேர் வைக்காமலிருக்க உலகப் பதிவேடுகூட வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அரை மணித்தியாலம் யோசித்தார்கள். மோதகம். இடியப்பம். தட்டிவான் – சனம் ஏற்றி ஓடிய பழைய கொடிகாமத்துத் தட்டிவானேதான், முதுகில் 1 என்ற இலக்கத்தோடு. அசையாமல் நிற்கும் பிளொக்கர் ஒருத்திக்கு மற்றவர்கள் வைத்த பெயர் இடிச்சபுளி. அவள் கோபிக்கவில்லை, அசையவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய் – கயிறு சுருட்டல்

புதன்கிழமை வலைப்பந்துப் பயிற்சி. இரண்டு விதக் கோடு கிடந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று மிஸ் சொன்னார். டேப்பைக் காலையிலேயே, வெயில் ஏறுமுன் உரிக்க வேண்டும். சூடேறிய பிறகு உரித்தால் பசை தரையில் தங்கிச் செம்மண்ணைப் பிடித்துக் கறுப்புக் கோடாகிவிடும். கயிற்றைக் கழுவிக் கையில் எட்டு மாதிரிச் சுருட்டினோம். வட்டமாகச் சுருட்டினால் அடுத்த முறை முறுக்கி நிற்கும். மையப் புள்ளிகள் இரண்டிலும் கொங்கிறீற் ஆணி அடித்துத் தலையைத் தரையோடு மட்டமாக்கிவிட்டோம். இனி அளக்கவேண்டியது ஆரம் மட்டும்.

சப்பாத்து எட்டுச் சோடியும், இரண்டு விதச் சில்லும், ஸ்பனரும் ஒரு இரும்பு அலுமாரிக்குள். அதன் கதவில் மிஸ் தன் கையெழுத்தில் ஒட்டியது: 12.5, 25, 35, எண்ணெய் ஒரு துளி, வேப்பம்பழம் கூட்டவும்.

வழிக்குப் பருத்தித்துறை வடை ஒரு பை, 300 ரூபா. அதற்கும் காசு கொடுக்க விடவில்லை. ரயில் கொடிகாமம் தாண்டும்போது மிஸ்ஸிடமிருந்து செய்தி: மோட்டர் கடை ஐயா 608 பதினாறாக எடுத்தால் ஒன்று 220க்குத் தருவாராம், எடுக்கவா? பள்ளிக்கூடத்து மதிலோரம் சீமெந்து போட ஒரு மேசனாரும் வந்து பார்த்திருக்கிறார். பக்கத்துக்கு இரண்டரை அடி போதுமா, அல்லது பத்தடி வெற்றிடத்தையும் சேர்த்துக் கேட்கட்டுமா?

சேர்த்துக் கேளுங்கோ மிஸ் என்று எழுதினோம். வேம்பை வெட்டவேண்டாம் என்றும்.